ஏழு ஸ்பீடு பிரேக்கர்

இந்தக் காரின் ஓனர் நான்தான். ஆர்.சி.யில் ஜாஸ்மின் என்று என் பெயர்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஜோசுவாவுக்கு பேங்க்கில் லோன் தரமாட்டேன் என்றுவிட்டார்கள். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் எட்டு மணி நேரம் நிற்கிற என்னுடைய சம்பளச் சீட்டைக் காட்டித்தான் வண்டி வீட்டுக்கு வந்தது. ஆனால் இரண்டு வருஷமாக ஃபேஸ்புக்கில் கார் ஓனர்கள் குரூப்பில் 'ஓனர் அனுபவம்' எழுதிக்கொண்டிருப்பவர் அவர். எவனாவது ஒருத்தன் "இந்த வண்டி எடுக்கலாமா ப்ரோ" என்று கேட்டால் போதும், சோற்றுக் கையைக் கழுவிவிட்டு போனோடு உட்கார்ந்துவிடுவார். அவருடைய அனுபவத்தை அவர் நிறைய எழுதிவிட்டார். என்னுடையதை நான் சொல்கிறேன்.

கார் நல்ல கார்தான். அதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ரத்தச் சிவப்பு. கணியம்பாடியிலிருந்து ஆம்பூரில் அவர் வேலை செய்கிற தோல் கம்பெனிக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். ஹைவேயில் மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ஒரே ஒரு குறை, வண்டி தரையோடு தரையாக இருக்கும். வாங்கின முதல் வாரம் ஐந்து பேராக ஏறிப் போனபோது ஸ்பீடு பிரேக்கரில் அடி உரசிவிட்டது. வண்டியை ஓரம் கட்டி, ரோட்டில் குப்புறப் படுத்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கள் கல்யாணத்தன்று என் முகத்தைக்கூட அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

ஈஸ்டருக்கு அவருடைய கம்பெனி மேனேஜர் நயீம் அகமது வீட்டுக்கு வந்தார். பிரியாணிக்கு முன்னாலேயே அவரைக் காருக்குக் கூட்டிக்கொண்டு போய், நாலு கதவையும் திறந்துவைத்துக்கொண்டு இவர் ஆரம்பித்தார்.

"சீட்டப் பாருங்க பாய். ஒரிஜினல் இத்தாலி லெதர்."

நயீம் பாய் தோலோடு பிறந்து தோலோடு வளர்ந்தவர். அவருக்குத் தெரியாதா? ஆனாலும் பெரிய மனுஷன், "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். பக்கத்தில் நின்ற என் அப்பா ஆரோக்கியசாமிதான் சும்மா இருக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் தோல் பதனிடுகிற டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றவர் அவர். சீட்டைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். தேய்த்தார். குனிந்து மோந்து பார்த்தார்.

"இது தோல் இல்ல மாப்ள. ரெக்சின்."

குத்திக்காட்டுவதற்காகச் சொன்னது இல்லை. எங்கள் வீட்டில் யார் எந்தப் பையை வாங்கி வந்தாலும் அப்பா கையில்தான் முதலில் போகும், அவரும் உள்ளதைச் சொல்லுவார். அந்தப் பழக்கத்தில் சொன்னதுதான். நயீம் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "பெரியவர் கை சொன்னா அதுக்கு அப்பீலே கிடையாது ஜோசுவா" என்றார். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரிக்கும்போது காது இரண்டும் சிவந்து போயிருந்தன. நான் தயிர்ப்பச்சடி எடுத்துவர உள்ளே போய்விட்டேன்.

ஜூலையில் அப்பாவுக்கு வேலூரில் வலது முழங்கால் ஆபரேஷன் நடந்தது. தேய்ந்துபோன மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். விழாமல் பார்த்துக்கொண்டால் மூன்று மாதத்தில் குச்சி இல்லாமல் நடப்பார், விழுந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அப்பாவுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை.

"யாரையும் புடிக்காம கக்கூசுக்குப் போய் வந்தா போதும்மா. பொண்ணு கைய புடிச்சிக்கினு போறது பேஜாரா கீது" என்றார்.

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், வேலூருக்குப் பயிற்சிக்குப் போகவேண்டும். நான் ஆட்டோ பேசுகிறேன் என்றேன். "வீட்ல கார வெச்சிக்கினு ஆட்டோவா, ஊர் இன்னா பேசும்" என்று ஜோசுவா தானே முன்வந்து ஷிப்டை மாற்றிக்கொண்டார். எனக்கு அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முட்டாள் நான்.

முதல் நாள் பின்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்தார். "மருந்து வாடை ஏறிடும், அதான்" என்றார். அப்பா அதன்மேல் உட்கார்ந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் தெரு முனையில் முதல் ஸ்பீடு பிரேக்கர். ஆடு அடிபட்டால் ஒன்று, கவுன்சிலர் மாறினால் ஒன்று என்று எங்கள் ரோட்டில் அவரவர் இஷ்டத்துக்குச் சிமெண்டை மேடு கட்டி வைத்திருப்பார்கள். வேலூர் போவதற்குள் ஏழு. வண்டியை நிறுத்தி இவர் கண்ணாடியில் பார்த்தார்.

"மாமா, கொஞ்சம் எறங்கிக்கோங்க. வெயிட் கம்மி பண்ணணும். அடி தட்டிடும்."

அப்பா அன்றைக்கு நாற்பத்தெட்டு கிலோ. பள்ளத்தில் இருப்பது மாதிரி இருக்கிற சீட்டிலிருந்து காலை மடக்க முடியாத மனுஷன் எழுந்திருக்க வேண்டும். முதலில் நான் இறங்கி, டிக்கியிலிருந்து வாக்கரை எடுத்துவந்து வைத்து, இரண்டு கையையும் பிடித்துத் தூக்குவேன். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். கார் பொறுமையாக, குறுக்கு வாட்டில், மேட்டில் ஏறி இறங்கிப் போகும். போய் உடனே நிற்காது. இங்கே சேறு, அங்கே கல், பின்னால் லாரி வருகிறது என்று ஏதாவது சொல்லி ஒரு பஸ் நீளம் தள்ளி நிற்கும். அப்பா வாக்கரைத் தூக்கிவைத்துத் தூக்கிவைத்து அதுவரைக்கும் நடப்பார். திரும்பவும் ஏற்றுவேன். திரும்பவும் இறக்குவேன். போக ஏழு, வர ஏழு.

"நடக்குறதும் பயிற்சிதான மாமா" என்பார் இவர்.

"ஆமா மாப்ள" என்பார் அப்பா.

எனக்கு வாய் இருந்தது. சூப்பர்வைசரிடம் பேசுகிற வாய், பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடுகிற வாய். அங்கே மட்டும் திறக்கவில்லை. தானாக முன்வந்து கூட்டிக்கொண்டு போகிறவரிடம் என்னவென்று கேட்பது என்று இருந்துவிட்டேன். அடி உரசினால் வண்டி போய்விடும் என்று நானும் நம்பினேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பதினோராவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. எக்ஸ்போர்ட் அவசரம் என்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு நாள் மழை பெய்து ரோடெல்லாம் நொசநொசவென்று கிடந்தது. அப்பாவும் இவரும் மட்டும் போனார்கள். மூன்றாவது ஸ்பீடு பிரேக்கர் ரைஸ் மில் வாசலில் இருக்கிறது. அதற்கு எதிரே தேவகி என்கிற அக்கா டீக்கடை வைத்திருக்கிறாள். அவள்தான் எனக்கு போன் பண்ணினாள்.

"உங்க அப்பா வியுந்துட்டாரு ஜாஸ்மின். எயுந்திருக்க முடியல. உங்க ஊட்டுக்காரரு அவர எறக்கி உட்டுட்டு அந்தக் கடைசி புளிய மரத்தாண்ட போய் நிறுத்திட்டாரு. பெரியவரு வர்றேன் வர்றேன்னு கைய ஆட்டிக்கினே போறாரு. இவரு ஆரன் மேல ஆரன் அடிக்கிறாரு. அந்த ஆரனுக்குப் பயந்துதான் அவரு வேகமா கால வெச்சாரு."

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஸ்ட்ரெச்சரில் இருந்தார். புது மூட்டுக்கு மேலே தொடை எலும்பு உடைந்திருந்தது. உடம்பெல்லாம் சேறு. என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற மருமகனைப் பார்த்தார்.

"காருக்கு ஒண்ணும் ஆவலியே மாப்ள?"

"இல்ல மாமா" என்றார் இவர். பிறகு என்னிடம், "நான் மெதுவா வாங்கன்னுதான் சொன்னேன். அவருக்குத்தான் அவசரம்" என்றார்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நான் ஜெபமாலையை உருட்டினேன். இவர் போனை உருட்டினார். குரூப்பில் எவனோ, வயசானவர்கள் இருக்கிற வீட்டுக்கு இந்த வண்டி சரிப்படுமா, அடி தட்டுமா என்று கேட்டிருந்தான். இவர் எழுதின பதிலை மறுநாள் நான் படித்தேன். 'ஃபேமிலி வண்டின்னா இதுதான் ப்ரோ. முழங்கால் ஆபரேஷன் ஆன என் மாமனாரே இதில்தான் போய் வருகிறார். இதுவரை ஒரு தடவைகூட அடி தட்டவில்லை. ஐந்துக்கு ஐந்து.' கூடவே பிளாஸ்டிக் ஷீட்மேல் அப்பா கைகூப்பி உட்கார்ந்திருக்கிற போட்டோ. நூற்றிப் பன்னிரண்டு லைக்.

எலும்புக்குத் தகடு வைத்தார்கள். உள்ளே சீழ் பிடித்தது. திரும்ப அறுத்தார்கள். கால் ஒரு அங்குலம் குட்டையாகிவிட்டது. இனிமேல் சாகும்வரைக்கும் வாக்கர்தான், அதுவும் ஆள் பிடித்தால்தான் என்றுவிட்டார் டாக்டர். அதைக் கேட்டு அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, நான் கையைப் பிடித்து கக்கூசில் உட்காரவைத்தபோதுதான் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அடுத்த திங்கட்கிழமையே நான் வேலூரில் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். லைசென்ஸ் வந்த பிறகும் அப்பாவை வாரா வாரம் கட்டுப் போட ஆட்டோவில் கூட்டிப்போனேன். கார்ச் சாவி இவரிடம்தான் இருந்தது.

இந்த மார்ச் மாதம் அந்தச் சாவி என் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து வீல் இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், "அய்யோ" என்றார். குனிந்தவர் நிமிரவில்லை. முதுகெலும்பில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் உள்ளூர் டாக்டர். நின்றால் காலில் மின்சாரம் பாய்கிற மாதிரி வலி, உட்கார்ந்து எழுந்தால் உயிரே போகிற வலி. செவ்வாய்க்கிழமை வேலூரில் ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள். அப்பாவுக்கும் அன்றைக்குத்தான் கட்டுப் பிரிப்பது. அப்பாவை முன்சீட்டில் காலை நீட்டி உட்காரவைத்தேன். இவரைப் பின்சீட்டில் சாய்த்துப் படுக்கவைத்தேன். ஷீட் விரிக்கவில்லை.

தெரு முனையில் வண்டியை நிறுத்தினேன்.

"எறங்குங்க."

"இன்னாது?"

"வெயிட் கம்மி பண்ணணும். அடி தட்டிடும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு இடத்தில் மட்டும் இறக்கிவிட்டு, மனசு ஆறியதும் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"வெளையாடாத ஜாஸ்மின். உயிர் போவுது. அதெல்லாம் தட்டாது, கிராஸா ஏத்து."

"தட்டாதா?"

"நாலு பேர் உக்காந்தாலும் தட்டாது. முத வாரமே தெரிஞ்சிக்கினேன். நேரா ஏத்தினாத்தான் தட்டும். போ, ஏத்து."

நான் இன்ஜினை அணைத்துவிட்டேன். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அப்போ எங்க அப்பாவ எதுக்கு எறக்கி உட்டீங்க?"

பின்னால் ஒரு டூவீலர்காரன் ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான். வலியில் அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"எதுக்குன்னு கேட்டேன்."

"ரெக்சின்னு சொன்னாருல்ல" என்றார். "நயீம் பாய் முன்னாடி. கம்பெனில இன்னிக்கும் என்னை ரெக்சின் ஜோசுவான்னுதான் கூப்புடுறானுங்க. உனக்கு இன்னா தெரியும்?"

அப்பா முன்சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கை இரண்டும் தொடைமேல் இருந்தன. சீட்டை அழுத்திப் பார்த்த அந்தக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். ஒரு வார்த்தைக்கு ஒரு கால் போயிருக்கிறது என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. எனக்கும்தான்.

"எறங்குங்க" என்றேன். "இல்லன்னா வண்டி போவாது. சாவி என்கிட்ட இருக்குது. வண்டியும் என் பேர்லதான் இருக்குது."

இறங்கினார். கதவைப் பிடித்து, மேல்கூரையைப் பிடித்து, அம்மா அப்பா என்று கத்திக்கொண்டு இறங்கினார். வாக்கர் வேண்டுமா என்று கேட்டேன். முறைத்தார். குறுக்கு வாட்டில் ஏற்றினேன். அடியில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு பஸ் நீளம் தள்ளி நிறுத்தினேன். வந்து ஏறினார். இரண்டாவது இடத்தில் நான் நிறுத்தினதுமே தானே இறங்கினார். போதும்மா, பாவம், விட்டுடு என்று அப்பா சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் விட்டிருப்பேன்.

மூன்றாவது, ரைஸ் மில் வாசல். தேவகி பாலை ஆற்றிக்கொண்டிருந்தவள், கையை அப்படியே வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். இவர் இறங்கினார். காரை மேட்டில் ஏற்றி இறக்கி, அதே ஒரு பஸ் நீளத்தில் நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தேன். இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தார். இன்னொரு கையை எங்களைப் பார்த்து ஆட்டினார்.

அப்பாவும் அவர் பக்கத்துக் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தும்மா" என்றார். "அந்தப் புளிய மரத்தாண்ட."

கடைசிப் புளிய மரத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினேன். இவர் நடு ரோட்டில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, மறுபடியும் நடக்க ஆரம்பித்தார்.

"ஆரன் எது?" என்று அப்பா கேட்டார்.

காட்டினேன்.