கே போட்ட குத்தாலம்

ஆட்டுரல் வாசல் நிலையில் சிக்கிக்கொண்டது. முன்னால் பரமசிவன் கயிற்றைப் பிடித்து இழுக்க, பின்னால் ஆவுடைத்தாய் முதுகைக் கொடுத்துத் தள்ள, அது இரண்டு பேருக்கும் நடுவில் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. இழுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. உரலை வைத்துவிட்டு அப்புறம்தான் அந்த வீட்டையே கட்டியிருந்தார்கள்.

"இந்த உரலு வேணுமாட்டி? தஞ்சாவூர்ச் சீமையில மாவே ஆட்டமாட்டானா?" என்றான் பரமசிவன்.

"தள்ளுதவளே தள்ளுதேன், இழுக்கிறவருக்கு என்ன யோசனை? இழுங்க."

தென்காசியில் சர்க்கார் பங்களா ஒன்று. அதற்குப் பின்னால் வாட்ச்மேனுக்கு ஒற்றை அறை. பதினோரு வருஷமாகப் பரமசிவன் அங்கே டெம்பரவரி. பங்களாவை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட சமயத்தில், வெள்ளிக்கிழமை, ஆர்டர் வந்தது. வேலை நிரந்தரம், குடியிருக்க வீடு, உடனே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் எல்லாம் ரத்து. ஊர் குத்தாலம், அங்கும் சர்க்கார் பங்களாதான்.

பரமசிவனுக்கு வாயெல்லாம் பல். "இங்கன மூணு மைலுதான. நடந்தே போயிருவேன்யா" என்றான்.

ஹெட் கிளார்க் நமசிவாயம் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"எந்தக் குத்தாலம்னு நெனச்சீரு? அருவி விழுத குத்தாலத்துக்கு இங்கிலீசுல சி போடணும்வே. இதுல கே போட்டிருக்கு. கே போட்டா மாயவரத்துக்குப் பக்கத்துல இருக்க குத்தாலம். ஒரு ராத்திரி, ஒரு பகல் ரயில்ல போகணும்."

"நல்லாப் பாருங்கய்யா."

"முப்பது வருஷமா இங்கிலீசு பாக்கேன். தூரத்து ஊரு, அதனால ஏழு நாள் டயம் உண்டு. மூட்டையக் கெட்டும்."

தாளை அடித்த டைப்பிஸ்ட் தாணுமாலயனைக் கேட்கலாமென்றால், அவர் ஒரு வாரம் லீவு.

அன்று சாயங்காலம் ஆவுடைத்தாய் அந்த எழுத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். ஒருத்தன் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, கையை ஓங்கிக் காலால் எட்டி உதைக்கிற மாதிரி இருந்தது. "இவன்தானா நம்மளைக் கெளப்புதது?" என்று கேட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

மூட்டை கட்ட ஆரம்பித்ததும் வீடு பெருகிவிட்டது. பத்துக்குப் பத்து அறையிலிருந்து ஏழு சாக்கு, ஒரு டிரங்குப் பெட்டி, கட்டில், இரண்டு உலக்கை எல்லாம் வெளியே வந்தபிறகும் உள்ளே பாதி வீடு மிச்சமிருந்தது. பரமசிவன் ஒவ்வொரு மூட்டையையும் கட்டி முடித்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினான். ஒவ்வொரு தடவையும் அது அந்த மூட்டைக்குள் இருந்தது. கோழி பன்னிரண்டு முட்டையில் அடை உட்கார்ந்திருந்தது. நிரந்தரம், டெம்பரவரி என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கிட்டே போன கையைக் கொத்திற்று.

"ஏழு நாளுக்குள்ள இது எப்படிப் பொரிக்கும்? சர்க்காரு கோழியக் கேக்க வேண்டாமா?" என்றாள் ஆவுடைத்தாய்.

செவ்வாய்க்கிழமை காலையில் மாட்டு வண்டிக்காரர் சொரிமுத்து வந்தார். உரலைப் பார்த்தார், நிலையைப் பார்த்தார், கடப்பாரையை எடுத்து நிலையைப் பெயர்த்துப் போட்டார்.

"இடிக்கப் போற வீடுதான" என்றார். உரலை வண்டியில் ஏற்றிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே, "செங்கோட்டைக்காரனப் பாரும்வே. ரெண்டு வருசம் முந்தி சர்க்காரு எல்லைய மாத்துனப்ப, ஒரு செம்பக்கூட எடுக்காம திருவிதாங்கூருல இருந்து மெட்ராஸ் ராஜ்யத்துக்குக் குடிவந்துட்டான். நீரு இருக்க ராஜ்யத்துலயே இந்தப் பாடு படுதீரு" என்றார்.

"அவனுக்குக் கே இல்ல அண்ணாச்சி" என்றான் பரமசிவன்.

சாமான்கள் அன்றைக்கே ரயிலில் போய்விட்டன. கோழியைக் கூடையோடு கையில் கொண்டுபோவதென்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் தென்காசி ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தார்கள். மேற்கே மலை தெரியவில்லை, சாரல் அப்படி. முதலில் எதிர்ப்பக்கமாக வந்து நின்ற வண்டியிலிருந்து சீசன் கூட்டம் எண்ணெய்ப் பாட்டிலும் சீயக்காய்ப் பொட்டலமுமாக இறங்கிற்று. கதர்ச் சட்டைக்காரர் ஒருவர் ஆவுடைத்தாயிடம் வந்தார்.

"ஏம்மா, குத்தாலத்துக்கு எப்படிப் போவணும்?"

"வெளிய ஜட்கா நிக்கும். நீங்க எந்த ஊரு?"

"குத்தாலம்."

அவள் அவர் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். "மாயவரத்துக் குத்தாலமா?"

"அதேதாம்மா."

"அங்கன சர்க்காரு பங்களா எங்க இருக்கு?"

"எங்க ஊர்லயா? பொறந்ததுலேருந்து அங்கதான் இருக்கேன். பங்களா எதையும் நான் பாக்கலியே!"

பரமசிவன் கையிலிருந்த டிக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆவுடைத்தாய் அவன் சட்டைப்பையில் கையை விட்டு ஆர்டரை எடுத்து விரித்தாள். எட்டி உதைக்கிறவன் ஊர்ப் பெயரில் மட்டும் இல்லை. மேலே இருந்தான், நடுவில் இருந்தான், கீழே கையெழுத்துப் பக்கத்திலும் இருந்தான்.

"ஐயா, இந்த முதல் வரியில என்ன போட்டிருக்கு?"

"ஆபீஸ்."

"ஆபீசுக்குக் கே உண்டா?"

அவர் தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்தார். "கிடையாதே! சி தான் போடணும். அட, இந்தத் தாள் முழுக்க ஒரு சி கூட இல்லம்மா!"

அவர்கள் ஏற வேண்டிய ரயில் வந்தது, போய்விட்டது. கோழிக்கூடையோடு இரண்டு பேரும் மழையில் ஆபீசுக்கு ஓடினார்கள்.

தாணுமாலயன் லீவு முடிந்து வந்திருந்தார். "ஆமா, சித்திரை மாசத்துல இருந்தே மிஷின்ல சி விழ மாட்டேங்கு. கே தான் அடிக்கேன். ரிப்பேர் பண்ணச் சொல்லி மூணு கடுதாசி போட்டேன். அதுலயும் சி இல்லையா, ஒருத்தருக்கும் அர்த்தம் புரியலை" என்றார்.

"அப்ப நம்ம குத்தாலம்தான?" என்றாள் ஆவுடைத்தாய். "இப்பமே போயிச் சேந்துருதோம்யா. நாளைக்குத்தான ஏழாம் நாளு?"

நமசிவாயம் ரிஜிஸ்தரை மூடினார். "ஏழு நாளுங்கிறது தூரத்து ஊருக்கு. அஞ்சு மைலுக்குள்ள இருந்தா மறுநாளே சேரணும். சனிக்கிழமையே சேந்திருக்கணும்வே நீரு. வரலைன்னதும் திங்கக்கிழமை வேற ஆளப் போட்டாச்சு."

"நீங்கதானய்யா மாயவரம்னு சொன்னீக?" என்றான் பரமசிவன்.

"நான் வாயால சொன்னேன். எழுத்துல ஏதும் இருக்கா?"

"யாரைப் போட்டிருக்கு?"

"நம்ம மச்சினன்தான். குத்தாலத் தண்ணி அவனுக்கு ஒத்துக்கிடும்."

கூடைக்குள் கோழி ஒரு தடவை கொக்கரித்து அடங்கிற்று. ஆவுடைத்தாய்க்கு, நிலை பெயர்த்த வீடு கண்ணில் வந்தது. உரல் இந்நேரம் எந்த ஊரைத் தாண்டிக்கொண்டிருக்கிறதோ.

"ஒண்ணு செய்யலாம்" என்றார் நமசிவாயம். "குறிச்ச நாள்ல ஏன் வந்து சேரலைன்னு நீரு ஒரு விளக்கம் எழுதிக் குடும். தப்பு உம்ம பேருலதான்னு ஒத்துக்கிட்டா, பழையபடி டெம்பரவரியா எங்கயாவது போடுவாங்களான்னு மேல கேட்டுப் பாக்கேன். தாணு, அடியும்."

மிஷின் வெகுநேரம் தட்டிற்று. பரமசிவனின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தித் தாளின் அடியில் வைத்தார்கள். மை காயட்டும் என்று தாணுமாலயன் அதை மேஜை ஓரத்தில் விரித்து வைத்தார்.

ஆவுடைத்தாய் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வரிக்கு வரி, கம்பத்தில் சாய்ந்து நின்று அவன் எட்டி உதைத்துக்கொண்டிருந்தான். அத்தனை உதைக்கும் கீழே, தாளின் அடியில், அவள் புருஷனுடைய கைநாட்டு ஈரமாகக் கிடந்தது.