வீட்டில் பேசும் மொழி

கும்பல் எந்தக் கதவிலும் நின்று விசாரிக்கவில்லை. நேராகப் போய் உடைத்தது.

ஜெராக்ஸ் கடைக்காரி தன் மாடிக் கடையின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கலவரம் என்று காலையிலிருந்தே பேச்சு. இப்போது கம்பியும் கட்டையுமாக அவள் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே நடந்தான். இரண்டு வீடுகளைத் தாண்டி, அடுத்த வீட்டைக் கைகாட்டினான். கடிகாரம் பழுதுபார்ப்பவரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கட்டை வாயிலேயே விழுந்தது. படியில் சரிந்தவரை, அசைவு நின்ற பிறகும் அடித்தார்கள்.

வெளியூர்க்காரனுக்கு எந்த வீட்டில் யார் என்று எப்படித் தெரியும்? கேள்வி எழுந்த கணமே, அந்தச் செல்போனில் இருப்பது என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அது அவள் இணையத்தில் போட்ட வரைபடம். பெருவெள்ளத்தின்போது அவளும், ஆம்புலன்ஸ் ஓட்டும் அவள் அண்ணனும் சேர்ந்து தொடங்கியது. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார், எங்கே கர்ப்பிணி, எங்கே கைக்குழந்தை, எல்லாம் அதில் இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். பூட்டி வைத்த தகவல் யாரைக் காப்பாற்றும் என்று மேடையேறிக் கேட்டுக் கைதட்டல் வாங்கியிருக்கிறாள். ‘வீட்டில் பேசும் மொழி’ என்ற கட்டம் அவளுடைய யோசனை. மீட்கப் போகிறவருக்கு அந்த வீட்டுப் பேச்சு புரிய வேண்டுமே என்றுதான் சேர்த்தாள். இப்போது அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் வீட்டைக் குறிவைக்கிறார்கள்.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, இணையத்தில் இருந்ததை மொத்தமாக அழித்தாள். உடனே போன் அடித்தது. அண்ணன்.

“பாப்பா, பின் சந்துல ஆக்சிஜன் வச்சிருக்காரே, அவர் வீடு எது? சிலிண்டர் தீரப் போகுதுன்னு மகள் கூப்பிட்டா, பாதியில கட்டாயிடுச்சு. மேப்பும் திறக்கல.”

“அழிச்சிட்டேண்ணா. அதப் பாத்துதான் அடிக்கிறாங்க. காப்பி இருக்கு, இரு, சொல்றேன்...”

கதவு தாழ்ப்பாளோடு பெயர்ந்து விழுந்தது. வந்தவன் ஒட்டகம். உயரத்துக்காக ஊர் வைத்த பெயர். வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் ஆட்களைத் தோளில் சுமந்து வந்தவன். வரைபடத்தில் பாதித் தெருக்களை நிரப்பியவனும் அவன்தான். பின்னால் இன்னும் இருவர். அவள் போனை அணைக்காமல் மேஜையில் கவிழ்த்தாள்.

“அக்கா, மேப் போயிடுச்சு. திரும்பப் போடு.”

“நீயாடா? நீ தூக்கிட்டு வந்த ஜனங்கடா இது!”

“எங்க மாமாவ அங்க உயிரோட கொளுத்திட்டானுங்க. போடுறியா, இல்லியா?”

“மாட்டேன்.”

அவள் வலது கையை மேஜையில் அழுத்திப் பிடித்துக் கம்பியால் அடித்தான். விரல்கள் முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அலறினாள். கவிழ்ந்திருந்த போனிலிருந்து அண்ணன் கத்தினான்: “பாப்பா! என்ன ஆச்சு? எந்த வீடுன்னு சொல்லு!”

ஒட்டகம் போனை எடுத்து அவள் வாயருகே பிடித்தான். “சொல்லேன். நாங்களும் கேட்டுக்கிறோம்.”

ஆக்சிஜன்காரர் வீட்டிலும் கடிகாரக்காரர் பேசிய மொழிதான். அவள் பல்லைக் கடித்தாள். அடுத்த அடி தோளில் இறங்கியது. இடது கைக்கு எட்டியது ஸ்டேப்ளர். கெட்டிப் புத்தகங்களைத் தைக்கும் நீளமான இரும்பு. எடுத்து அவன் கண்ணில் குத்தினாள். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டான். மற்ற இருவரும் அவளைக் கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள்.

வாசலில் சைரன் அலறியது. போலீஸ் என்று நினைத்து, ஒட்டகத்தை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வந்தது போலீஸ் இல்லை, அண்ணன். பின் சந்தில் நாலு கதவைத் தட்டி விசாரித்துப் போயிருக்கலாம். தங்கை கத்தியதைக் கேட்டு வண்டியைத் திருப்பிவிட்டான். வண்டியில் கிடத்தியதும் அவள் ஆக்சிஜன்காரர் வீட்டு நம்பரைச் சொன்னாள். போய்ச் சேர்ந்தபோது பெரியவரின் வாய் திறந்தபடி இருந்தது. மகள் இன்னும் விசிறிக்கொண்டிருந்தாள்.

ஊர் அடங்கியபின் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். மாவுக்கட்டோடு அவள் முன்னால் நின்றாள்.

“எதுக்கு அழிச்சே?” என்று கேட்டாள் ஆக்சிஜன்காரரின் மகள்.

“எதுக்கு எழுதினே?” என்றாள் கடிகாரக்காரரின் மனைவி.

வேறு மாதிரி செய்து பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள். ஒரே இடத்தில் எல்லாம் வேண்டாம். அந்தந்தச் சந்தின் விவரம் அந்தச் சந்துக்காரர்கள் பொறுக்கிய இருவரிடம் இருக்கட்டும். மொழி, பெயர் எதுவும் வேண்டாம். சம்மதித்த வீடு மட்டும்.

“அப்ப ஒவ்வொரு தடவையும் நான் யாருக்காவது போன் போட்டுக் கெஞ்சணுமா? அதுக்குள்ள ஆள் போயிடுவாங்க,” என்றான் அண்ணன்.

“போகலாம்ணா. தெரியும்.”

பின் சந்துக்கு நானே இருக்கிறேன் என்று ஆக்சிஜன்காரரின் மகள் கை தூக்கினாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது; கூட்டம் முடியும்வரை கடைக்காரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் கடைக்காரியும் ஆக்சிஜன்காரரின் மகளும் வீடு வீடாகப் போனார்கள். கடிகாரக்காரரின் மனைவி வாசலை விட்டு விலகவில்லை.

“எங்க வீடு வேணாம்.”

“திடீர்னு உடம்புக்கு ஏதாவதுன்னா என்ன பண்ணுவீங்கம்மா?” என்று கேட்டாள் கடைக்காரி.

“கத்துவேன். பக்கத்து வீட்டுக்காரிக்குக் காது நல்லாவே கேக்கும்.”

கடைக்காரி தலையாட்டினாள். எதுவும் எழுதாமல் பக்கத்து வீட்டுப் படியேறினாள்.