வாகனின் மூக்கும் பதினோரு குவளைப் பாலும்

என் இரண்டு இடுப்பெலும்புகளின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். ஒன்று பிறக்கும்போதே வந்தது, மற்றொன்று அரசு மருத்துவமனை போட்டுக்கொடுத்தது. பொய்யின் பாரத்தை எது தாங்கும், எது தாங்காது என்று சோதித்துப் பார்க்கும் வயது எனக்கு இல்லை. ஆகவே இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை.

ஹோப்ரோ என்ற ஊரில் கடற்கழியைப் பார்த்தபடி இருக்கிறது எங்கள் வீடு. அறுபதைத் தாண்டிய பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஓர் அறை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையலறை, ஒரே ஃபிரிட்ஜ். எதையும் கைதூக்கித்தான் முடிவு செய்வோம். திரைச்சீலைக்கு என்ன நிறம், கறுப்பு ரொட்டியை எவ்வளவு கனமாக வெட்டுவது, செத்தவர் அறை யாருக்கு, எல்லாமே மாதக் கூட்டத்தில்தான். வழுக்கி விழுந்தவரைத் தூக்கிவிடக்கூட இரண்டு பேர் முன்மொழிய வேண்டும்.

பாலுக்குப் பொறுப்பு வாகன். பால் கூட்டுறவில் முப்பத்தெட்டு வருடம் முகர்ந்து பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர். அவர் சட்டம் இது: பால் பெட்டியைத் திறந்தவர் அதன்மேல் தேதி எழுத வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் வைக்கக் கூடாது, அங்கே சூடு ஏறும். கீழ்த்தட்டில், பின்னால். ஆயுள் நான்கு நாள். ஐந்தாம் நாள் காலை, மிச்சம் எவ்வளவு இருந்தாலும் கழுவுதொட்டிக்குத்தான்.

யாராவது தேதி எழுத மறந்தால் அவர் மூக்கு எழுதிவிடும். ஃபிரிட்ஜைத் திறக்கக்கூட மாட்டார். நடைக்கூடத்தில் நின்று ஒரு இழுப்பு.

"திங்கக்கிழமை, மத்தியானம் மூணு மணிக்கு மேல. தொறந்தது இடதுகைக்காரன்."

எங்களில் டோர்கில் மட்டும்தான் இடதுகைக்காரர். ஒருமுறை ஒரு பெட்டியை முகர்ந்துவிட்டு, இந்த மாடு இடிக்குப் பயந்திருக்கிறது என்றார். பண்ணைக்குத் தொலைபேசி செய்தோம். இடி இடித்திருக்கிறது. மாட்டின் பெயரையும் அவர்களே சொன்னார்கள்.

இப்படிப்பட்ட மனிதரோடு நிம்மதியாகக் காப்பி குடிக்க முடியுமா? போடிலின் எழுபதாவது பிறந்த நாளன்று இந்த ஊர்ப் பிறந்தநாள் வழக்கப்படி மேசையில் சின்னக் கொடி நட்டு, கேக் வெட்டி, ஆல்போரிலிருந்து வந்திருந்த தங்கைக்குப் போடில் பால் ஊற்றிக் கொண்டிருந்தபோது வாகன் குவளையைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினார்.

"அஞ்சாவது நாள், போடில். விருந்தாளிய கொல்றதுக்கா கூப்பிட்ட?"

போடில் முன்னாள் பள்ளித் தலைமையாசிரியை. எங்கள் கூட்டங்களுக்கும் அவர்தான் தலைமை. சிரித்துக்கொண்டார். தங்கையை இந்த வீட்டிலேயே குடிவைக்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. வாகனின் அறையில் கடற்கழி தெரியும் பெரிய ஜன்னல்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வந்தது: திறந்த பால் ஏழு நாள் கெடாது. பதினோரு கை ஆதரவு, ஒரு கை எதிர்ப்பு.

"சரி, நிறைவேத்திட்டீங்க," என்றார் வாகன். "பாலுக்கு யாரு போய்ச் சொல்லப் போறீங்க?"

"பால விடு. உன் மூக்கு இன்னும் வேலை செய்யுதுன்னு யாரு சொன்னா?" என்றார் போடில். "எழுபத்தொம்பது ஆச்சு. இன்னிக்கு மூக்கு, நாளைக்கு அடுப்ப அணைக்க மறப்ப. தன்னத்தானே பாத்துக்க முடியாதவங்களுக்கு இங்க இடமில்ல, நகராட்சிக் காப்பகம்தான். விதி தெரியும்ல?"

"சோதிச்சுப் பாரேன்."

"தோத்தா?"

"தோத்தா காப்பகம். பொட்டிய நானே கட்டுறேன்."

சனிக்கிழமை பதினோரு குவளைகள் வைத்தோம். பால் ஊற்றியவன் நான். கடையிலிருந்து அப்போதுதான் வந்த பெட்டியைப் போடில் என் கையில் கொடுத்தார்.

"எல்லாத்துலயும் இதையே ஊத்து."

"இதையேவா?"

"இதையேதான். அவரு வர்றப்ப பாக்காத, போறப்ப பாரு."

ஒவ்வொரு குவளைக்கும் அடியில் ஒரு சீட்டு. இன்று திறந்தது, நேற்று திறந்தது என்று பத்து நாள் வரைக்கும்.

வாகன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்தார். பதினொன்றையும் முகர்ந்தார்.

"எல்லாமே ஒரே பொட்டி. தொறந்து பத்து நிமிஷம்கூட ஆகல."

ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. போடில் முதல் குவளையைத் தூக்கிச் சீட்டைப் படித்தார். "ஒம்பது நாள்."

"இருக்காது."

"டோர்கில், நீ பாரு."

டோர்கில் முகர்ந்தார். முகம் சுருங்கிப் போனது. "யோவ் வாகன், வீடே நாறுது. உனக்கு நெஜமாவே தெரியலையா?"

நாங்கள் வரிசை கலையாத மக்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து முகர்ந்தோம். ஒருவர் இருமினார், ஒருவர் ஜன்னலைத் திறந்தார். என் முறை வந்தபோது, "இது தயிருல்ல?" என்று கேட்டேன். அது நன்றாகவே எடுபட்டது.

வாகன் மறுபடி முகர்ந்தார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை. "மூணாவது... லேசா... நாலு நாளா?"

"அது இன்னிக்குத் தொறந்தது," என்றார் போடில்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அதன்பிறகு தினமும் காலையில் வாகன் ஃபிரிட்ஜ் முன்னால் பெட்டியும் கையுமாக நின்று, போவோர் வருவோரிடம் "இது எப்படி இருக்கு, கொஞ்சம் சொல்லேன்" என்று கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னோம். பெட்டிகளில் தேதியை மாற்றி மாற்றி எழுதினோம். சட்டை வேர்வை நாறுகிறது என்று டோர்கில் சொன்னதால் ஒரே நாளில் மூன்று சட்டை மாற்றினார். ஒரு வியாழக்கிழமை, பன்னிரண்டு நாள் பழைய பாலை எடுத்து அவர் குவளையில் போடில் ஊற்றினார். பால் விழவில்லை, கட்டி கட்டியாக இறங்கியது. பெட்டியில் அன்றைய தேதி. வாகன் குவளையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், குடித்தார். மீசையில் ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

"நல்லாருக்கு," என்றார். "புதுசுதான்."

யாரோ துணிக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். அவரும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தார்.

மாதக் கூட்டத்தில் போடில் கேட்டார்: வாகன் காப்பகம் போவதை ஆதரிப்பவர்கள்? பதினோரு கைகள் எழுந்தன. வாகன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தன் கையையும் தூக்கினார்.

"ஒருமனதாக" என்று போடில் குறித்துக்கொண்டார். கேக் வந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நகராட்சி வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. மறுவாரம் தங்கை வந்து அறையைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் காற்று அடிக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆல்போருக்கே திரும்பிவிட்டார்.

அறை ஒரு வருடம் காலியாகக் கிடந்தது. பிறகு விளம்பரத்தைப் பார்த்து நான் குடிவந்தேன், அதற்கு முன் ஹோப்ரோவில் நான் கால் வைத்ததில்லை. ஆகவே அந்தப் பதினோரு கைகளில் என் கை இல்லை, இரண்டு இடுப்பெலும்புகளின் மேலும் ஆணை.