எட்டாம் கட்டம்

பத்மப்ரியா கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்த அன்று, "நாம எழுதுனதத்தான் இது திருப்பிச் சொல்லும் அண்ணாச்சி, தானா ஒண்ணும் பேசாது" என்றாள். நான் நம்பவில்லை. கரண்டில் ஓடுகிற எதையும் நான் நம்புகிறதில்லை.

என் பேர் சங்கிலிபூதத்தான். ஐந்தாம் வகுப்போடு சரி. அம்பாசமுத்திரத்தில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற நூலகத்தில் முப்பத்தாறு வருஷமாக அட்டெண்டர். கதவைத் திறப்பேன், கூட்டுவேன், கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுப்பேன், கிழிந்ததற்குப் பசை தடவுவேன். எது எந்த அலமாரியில் எத்தனாவது தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பத்மப்ரியாதான் நூலகர். திருநெல்வேலி டவுனிலிருந்து வேலைக்கு வந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. என் கடைசி மகள் வயசு.

இது தொண்ணூற்றேழில் நடந்தது. நூலகங்களுக்கென்று சும்மா கொடுக்கிற புரோகிராம் ஒன்றை அவள் ஐந்து பிளாப்பிகளில் வாங்கி வந்திருந்தாள். அதை ஏற்றவே மூன்று நாள் ஆனது. நாலாவது பிளாப்பியில் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து போடுவாள். ஏறின பிறகு கறுப்புத் திரையில் கட்டம் கட்டமாக அமைத்தாள். ஒரு புத்தகத்துக்கு ஒன்பது கட்டம். எண், தலைப்பு, எழுதினவர் என்று வரிசையாகப் போகும். எட்டாவது கட்டம், புத்தகத்தை வாங்கிப் போயிருக்கிற உறுப்பினரின் பேர். ஒன்பதாவது, வாங்கிய தேதி.

தமிழ்ப் புத்தகத்தின் பேரையும் இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும். புத்தக முதுகுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு எழுத்துக் கூட்ட வரும். ஒற்றை விரலால் அடித்தேன். நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு புத்தகம். எட்டையும் ஒன்பதையும் வெறுமனே விட்டுவிடுங்கள், யாராவது வாங்கிப் போகும்போது நான் போட்டுக்கொள்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. எங்கள் நூலகத்தில் எந்த ரிஜிஸ்தரிலும் ஒரு கட்டத்தையும் வெறுமனே விடுகிற பழக்கம் கிடையாது. பழைய செயலாளர் இருந்த காலத்தில் ஒரு இடம் காலியாக இருந்தால் ரிஜிஸ்தரை அப்படியே தூக்கி எறிவார். வெற்றிடம் விட்டால் நாளைக்கு எவனும் வந்து எதையும் எழுதிவிட்டுப் போவான் என்பார். எழுத ஒன்றும் இல்லையென்றால் ஒரு கோடாவது இழுக்க வேண்டும். அப்படியே நானும் எட்டிலும் ஒன்பதிலும் ஒவ்வொரு கோடு போட்டு வந்தேன். மிஷின் ஏற்றுக்கொண்டது. பத்மப்ரியாவும் கண்டுகொள்ளவில்லை.

பிறகு நடராஜ் பீரோவின் முறை வந்தது.

நடராஜ் ஆழ்வார்குறிச்சி அம்பலவாணன் சார்வாளின் ஒரே மகன். சார்வாள் ரிட்டயரான வாத்தியார். பையனுக்கு இருபத்துநாலு வயசு, எங்கள் நூலகத்து உறுப்பினர். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன். சைக்கிள் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் காரியம் செய்ய விடமாட்டேன் என்று அவன் அம்மா பார்வதியம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். மூணு வருஷம் கழித்து அவனுடைய புத்தகங்களை மட்டும் ஒரு பீரோவோடு எங்களுக்குக் கொடுத்தாள். நாற்பத்தோரு புத்தகம். செயலாளரிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டாள், எந்தப் புத்தகத்தை எங்கே பதிந்தாலும் பக்கத்தில் அவன் பேரையும் எழுதுங்கள் என்று. சரி என்றேன். ரிஜிஸ்தரில் அப்படியே எழுதியும் வைத்தேன்.

மிஷினில் கொடுத்தவர் பேருக்கென்று ஒரு கட்டம் இல்லை. எட்டு காலியாக இருந்தது. நாற்பத்தொன்றுக்கும் எட்டில் நடராஜ் என்று அடித்தேன். ஒன்பதில் அன்றைக்குத் தேதி, ஜூன் ஒன்பது. பத்மப்ரியாவிடம் கேட்டிருக்கலாம். அவள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை விளக்கிச் சொல்வாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. அது எனக்குப் பிடிக்காது. கேட்கவில்லை.

ஜூலை கடைசியில் நினைவூட்டுக் கார்டு அடிக்க அவள் கற்றுக்கொண்டாள். எட்டாம் கட்டத்தில் பேர் இருந்து, தேதி பதினைந்து நாளைத் தாண்டியிருந்தால் மிஷினே பொறுக்கி எடுத்து, ஆளுக்கு ஒரு கார்டில் முதல் புத்தகத்தின் பேரையும் தேதியையும் அடித்துவிடும். விலாசத்தை மட்டும் உறுப்பினர் அட்டைகளைப் பார்த்து அவள் கையால் எழுதினாள். நடராஜின் அட்டையை யாரும் பெட்டியிலிருந்து எடுத்திருக்கவில்லை. அவளுக்கு நடராஜ் யாரென்றே தெரியாது. இருபத்துமூன்று கார்டு. தபால் பெட்டியில் போட்டது நான்தான். அதே புரோகிராமுக்கு அடுத்த வகுப்பு என்று அவள் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை மத்தியானம்தான் வருவாள்.

திங்கட்கிழமை நான் பூட்டைத் திறக்குமுன்னே பார்வதியம்மாள் வாசலில் நின்றாள். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். கையில் கார்டு.

"ஜூன் ஒம்பதாந்தேதி இங்கன வந்திருக்கான் அண்ணாச்சி. அவன் புஸ்தகத்த அவனே எடுத்துட்டுப் போயிருக்கான். நீங்க பாத்தீங்களா?"

தேதியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வேலைக்கு ஆபத்து வந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, அவள் முகம். ஐந்து வருஷத்தில் அந்த முகத்தில் நான் பார்க்காத ஒன்று அன்றைக்கு இருந்தது. நான் கவனிக்கலியே என்று மட்டும் சொன்னேன். தலையைக் குனிந்து கூட்டிக்கொண்டு இருந்திருப்பீர்கள் என்று சொல்லி அவள் சிரித்தாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. பாபநாசத்தில் வைத்து, தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, மகன் காரியத்தை முடிக்க இந்த வருஷம்தான் அவள் சம்மதித்திருந்தாளாம். கார்டு வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டாள். உயிரோடு இருக்கிறவனுக்கு எவளாவது கொள்ளி வைக்கச் சொல்வாளா என்று என்னையே கேட்டாள். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

வாசலைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். கெடு தாண்டிவிட்டதே, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருவான் அல்லவா. பீரோவில் புத்தகம் இருக்கிறதா என்று அவள் எழுந்து போய்ப் பார்க்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை தூக்குச்சட்டியில் புளியோதரை கொண்டு வந்தாள், அவன் பங்கும் சேர்த்து. வாசலில் நிழல் விழுந்தால் நிமிர்ந்து பார்ப்பாள். பேப்பர் படிக்க வருகிறவனாக இருக்கும். தலை பைய இறங்கும். சாயங்காலம் கடைசி ஆளாக எழுந்து பஸ்ஸுக்குப் போவாள்.

புதன்கிழமையிலிருந்து நானும் நிமிர ஆரம்பித்தேன்.

கொக்கி மாட்டிவிட்டுப் போன பீரோ காலையில் ஒருச்சாய்த்துத் திறந்திருந்தது. ஆடிக் காற்றுக்கு அந்தப் பழைய கொக்கி நிற்காது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் சாத்துவதற்குக் கை போகவில்லை. வியாழக்கிழமை சாரல். வாசலிலிருந்து பீரோவரைக்கும் தரையில் ஈரக்கால் தடம். பீரோவிலிருந்து திரும்பி வந்த தடம் இல்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேரிடமும் கேட்டேன். தாங்கள் எழுந்திருக்கவே இல்லை என்றார்கள். பார்வதியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில்தான் இருந்தாள். நான் துணியை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் மிஷின் முன்னால் உட்கார்ந்து அவன் பேரைத் தேடச் சொல்லி அடித்தேன். நாற்பத்தொன்று என்று காட்டியது. அந்த நாற்பத்தொன்றையும் இதே விரலால் அடித்தவன் நான். தெரிந்தும், பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் உள்ளேயிருந்து ஒரு ஆள் 'ம்' என்றது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை அம்பலவாணன் சார்வாள் வந்தார். உள்ளே வரவில்லை. சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்.

"வே பூதத்தான், அவன் வந்தானா வரலியான்னு நான் கேக்கல. வரமாட்டான்னு எனக்குத் தெரியும். இந்த அமாவாசைய விட்டா அவ பெறவு சம்மதிக்க மாட்டா. நான் செத்த பெறவும் அந்த நாக்காலிலதான் உக்காந்திருப்பா. ஒமக்கு ஏதாவது தெரியும்னா அவகிட்ட சொல்லிரும்."

பார்ப்போம் சார்வாள் என்றேன். அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை காலை அவள் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று சொன்னேன். பேர் எழுதினது நான், தேதி போட்டது நான், கார்டைத் தபாலில் போட்டதும் நான். அவள் நம்பவில்லை. அவர் சொல்லச் சொன்னாரா என்று கேட்டாள். நேற்று அவர் வந்துவிட்டுப் போனது தனக்குத் தெரியும் என்றாள். இனிமேல் பேசிப் பயனில்லை என்று அவளை மிஷினிடம் கூட்டிக்கொண்டு போனேன். நடராஜ் பீரோவைச் சேராத ஒரு புத்தகத்தின் பக்கத்தைத் திரையில் திறந்தேன். எட்டாம் கட்டத்தில் இருந்த கோட்டை எடுத்துவிட்டுப் பார்வதி என்று அடித்தேன். ஒன்பதில் அன்றைக்குத் தேதி. மூடிவிட்டு மறுபடி திறந்து காட்டினேன்.

கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அவள் தன் பேரை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"நான் இந்தப் புஸ்தகத்தத் தொடவே இல்லையே."

"ஆமாம்மா. அவனும் தொடல."

அவள் அழவில்லை. பிறகு, எல்லாத்தையும் எடுத்துவிடுங்கள் என்றாள். ஒன்றொன்றாகத் திறந்து எட்டையும் ஒன்பதையும் அழித்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தலைப்பாகப் பார்த்து, இது பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினது, இதைத் தண்ணீரில் போட்டு அடி வாங்கினான், இது எதற்கென்றே தெரியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

முடிந்ததும் பேரை அடித்துத் தேடினேன். நாற்பத்தொன்று என்றது.

ஒரு புத்தகத்தைத் திறந்தேன். எட்டாம் கட்டம் சுத்தமாக இருந்தது. இன்னொன்று, அதுவும் சுத்தம். மறுபடி பேரை அடித்தேன். நாற்பத்தொன்று. அவள் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போகமாட்டேங்கான் பாருங்க."

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். பொய் சொல்வானேன், பார்த்தேன்.

இரண்டரை மணிக்குப் பத்மப்ரியா பையோடு வந்தாள். நடந்ததை நானே சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். விலாசம் அவள் கையெழுத்து. பிறகு பார்வதியம்மாள் பக்கத்தில் குனிந்து விளக்கினாள். தேடுவதற்கென்று மிஷின் பேர்களை எல்லாம் தனியாக ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்குமாம், புத்தகத்தின் கடைசியில் பேர் அகராதி போடுகிற மாதிரி. உள்ளே பக்கத்தை அழித்தாலும் பட்டியலைப் புதிதாக எழுதச் சொல்கிறவரைக்கும் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்குமாம். இந்த வாரம்தான் அதைச் சொல்லிக்கொடுத்தார்களாம்.

"எழுதச் சொல்லிரட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

பார்வதியம்மாள் கொஞ்சம் இரு என்று கை காட்டினாள். திரையில் அந்த எண்ணின் மேல் ஒரு விரலை வைத்தாள். திரைக் கண்ணாடி சூடாக இருந்திருக்கும். எவ்வளவு நேரம் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில், "ம்" என்றாள்.

மிஷின் உறுமியது. நாலைந்து நிமிஷம். பத்மப்ரியா பேரை அடித்தாள். பூஜ்யம்.

பார்வதியம்மாள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"திங்கக்கெழமையே சொல்லியிருக்கலாம் நீங்க."

ஆமாம் என்றேன்.

"ஒங்கள ஏசணும்னுதான் வருது. ஆனா இந்த ஆறு நாளும் நான் நல்லாச் சாப்பிட்டேன் அண்ணாச்சி. நல்லா ஒறங்கினேன்."

நாளைக்கு எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று அவரிடம் கேட்க வேண்டும் என்று, எனக்கோ தனக்கோ, சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் பாபநாசம் போனேன். யாரும் கூப்பிடவில்லை. படித்துறையில் நிற்க இடமில்லாத கூட்டம். தூரத்திலேயே நின்றேன். தர்ப்பை உருவம் முழங்கை நீளம்கூட இல்லை. சாரலில் நனைந்து முதலில் தீப்பிடிக்கவில்லை. சார்வாள் மறுபடி கொளுத்தினார். பார்வதியம்மாள் தன் சேலைத் தலைப்பை விரித்துக் காற்றை மறைத்து நின்றாள். பிறகு பிடித்தது.

இரண்டு வருஷம் ஆகிறது. அந்த நாற்காலியை வரிசையில் திருப்பிப் போட்டுவிட்டேன். மிஷினில் அந்தப் பேரை நான் மறுபடி அடித்துப் பார்த்ததில்லை. வாசலில் நிழல் விழுந்தால் மட்டும் நிமிர்கிறேன். எழுதினவன் நான்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பார்க்கிறேன்.