நெட்டைப் பயிர்

“இறக்குங்க, இறக்குங்க. சாயுது” என்றார் தச்சர்.

தூக்கிய சவப்பெட்டி மறுபடி வாசல் பெஞ்சுக்கே வந்தது. வாசற்படியில் மகளோடு நின்றவளின் புருஷனுக்காக அரை முழம் கூட்டிச் செய்த பெட்டி. பின்பக்கம், புருஷனோடு வேலை பார்த்த விதைப்பண்ணைக்காரர் நல்ல நெட்டை; அவருக்கு ஜோடியாக நின்ற கொழுந்தனோ அவர் காது மட்டம்.

“பாப்பா வரட்டுமே” என்றார் தச்சர். “அப்பா உயரம் அப்படியே வந்திருக்கு.”

காலையிலிருந்து இதை எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: “நெஞ்சுல பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கு. இந்த உயரம், இந்த நீள விரல்... இது வம்சத்துல வர்றதா இருக்கலாம். பிள்ளைங்க இருக்கா?”

“ஒரே பொண்ணு. பதினஞ்சு வயசு.”

“அவர மாதிரியா?”

அவள் தன் தலைக்கு மேல் கையை உயர்த்திக் காட்டினாள்.

“சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் ஓட்டம், கனம் தூக்கறது, எதுவும் வேண்டாம்.”

பண்ணைக்காரர் தோளுக்குத் துண்டை மடித்துக்கொண்டே பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தார். “உங்கப்பாவுக்கு என்ன வேலை தெரியுமா பாப்பா? குட்டை ரக வயல்ல நெட்டையா தலை நீட்டறதப் பிடுங்கறது. ஏணியே ஏணியப் பிடுங்குதுன்னு சிரிப்போம்.”

“ஏன் மாமா பிடுங்கணும்?”

“ஒரே ஒரு மரபணுதான். குட்டைப் பயிர்ல அது பழுது, வளர்ச்சி ஹார்மோன் கொஞ்சமா ஊறும். நெட்டையில அது நல்லா இருக்கும், கிடுகிடுன்னு ஏறிடும். கதிர் கனத்து, ஒரு காத்தடிச்சா போதும், படுத்துடும்.”

“அப்போ என்னையும் பிடுங்கியிருப்பாரா?”

பண்ணைக்காரர் சிரித்துவிட்டு, இடம் உணர்ந்து வாயை மூடிக்கொண்டார். பெண் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்கு அடியில் குனிந்தாள்.

“நீ தூக்க வேண்டாம்” என்றாள் அம்மா.

“ஏன்மா? பொண்ணுங்கறதாலயா?”

“இந்தக் காலத்துல என்ன அண்ணி இது” என்றார் கொழுந்தன். “அவ அப்பா. ஆசைப்படறா.”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். பெண் கோபித்துக்கொள்வாள், பயப்பட மாட்டாள். கோபத்தோடு எத்தனை நாள் ஓட்ட முடியும்? நாளைக்கே பள்ளிக்கூட மைதானத்தில் ஓடினால்? அம்மா அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். டாக்டர் சொன்னதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“எனக்கும் கிழிஞ்சிடுமா?”

“தெரியலடி. நாளைக்கு நெஞ்ச ஸ்கேன் எடுக்கப் போறோம். உனக்கு அது இருந்தாலும் மாத்திரை இருக்காம், முன்னாலயே தெரிஞ்சா பார்த்துக்கலாமாம்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“யாருக்குமே தெரியாது.”

பெண் குழாயை இறுக்கி மூடினாள். சொட்டு நிற்கவில்லை. இன்னும் இறுக்கப் போனவள், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்து அம்மா சொன்னாள்: “அவ என்கூட நடந்து வரட்டும்.” தச்சர் ஒரு சாக்கை நாலாக மடித்துக் கொழுந்தன் தோளில் வைத்தார். பெட்டி சாயாமல் எழுந்தது.

பாதி தூரம் போன பிறகுதான் அம்மா கவனித்தாள்: மகளின் தோள் தன் தோளுக்குச் சமமாக வந்துகொண்டிருந்தது. முழங்காலை மடித்து, தலையைக் கழுத்துக்குள் இழுத்துக்கொண்டு, அடிமேல் அடியாக நடந்துகொண்டிருந்தாள்.