ஜூடோக்காரி விழுந்த விதம்

ஆஸ்பத்திரி வாசலில் பதினாலு வருஷமாக நிற்கும் காவலாளிக்கு, பதிவு மேசைப் பெண் ஜூடோ வகுப்புக்குப் போவது நல்ல பொழுதுபோக்கு. வகுப்பு முடித்து ஈரத் தலையோடு அவள் வேலைக்கு வரும்போதெல்லாம் வம்பிழுப்பார்.

"இன்னிக்கு எத்தனை பேரைக் கவுத்தே தங்கச்சி? அங்க குனிஞ்சு வணக்கம் வெச்சுட்டுப் பிடிக்கிறான். வெளியில எவன் சொல்லிட்டு வருவான்?"

அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

அன்று மதியம் ஒருவன் தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு மணி நேரமாகியும் படுக்கை கிடைக்கவில்லை. மேசையைத் தட்டினான், கத்தினான். சமாதானம் சொல்ல அவள் எழுந்து வெளியே வந்தாள். வாயைத் திறப்பதற்குள் அவன் அவள் காலரைப் பிடித்து வேகமாகத் தள்ளிவிட்டான்.

காவலாளி பத்தடி தள்ளித்தான் நின்றார். கால் நகர மறுத்தது.

அவள் மல்லாக்க விழுந்தாள். தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தது; முதுகு வளைந்து உருள, கைகள் இரண்டும் தரையில் படாரென்று அறைந்தன. தலை தரையில் படவே இல்லை. விழுந்த வேகத்தில் எழுந்தும்விட்டாள். அவன் மறுபடி பாய்ந்தான். இந்தத் தடவை அவன் சட்டைக் கைகள் இரண்டையும் கெட்டியாகப் பற்றிக்கொண்டாள். அவன் இழுத்த பக்கமெல்லாம் கூடவே நகர்ந்தாள். திமிறித் திமிறி அவனுக்கே மூச்சு வாங்கியது.

"அப்பா பார்த்துக்கிட்டிருக்கார் சார்," என்றாள் மெதுவாக.

அவன் திரும்பிப் பார்த்தான். அப்படியே நாற்காலியின் காலடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் படுக்கை காலியாகி, பெரியவரை மேலே கொண்டுபோனார்கள்.

காவலாளி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"ஏம்மா, ஒரே தூக்காத் தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"வகுப்புல மெத்தை விரிச்சிருக்கும்ணா. இது கல்தரை. அவருக்கு விழத் தெரியாது, மண்டை உடைஞ்சிருக்கும்." ஒரு வாய் குடித்தாள். "வெளியில எவனும் சொல்லிட்டு வரமாட்டான்னு நீங்க சொன்னதும் நிஜம்தான். அவர் தள்ளினப்ப எனக்கு ஒண்ணுமே ஓடலை. வகுப்புல பழகின மாதிரி உடம்பு தானா விழுந்துச்சு. புத்தி அப்புறம்தான் வந்துச்சு."

சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். காவலாளி ஒன்றுவிடாமல் சொன்னார்.

"பயந்துதான் போயிருந்துச்சு சார் அந்தப் பொண்ணு. அந்தப் பயத்துலயும் அடிக்க வந்தவன் மண்டையைப் பத்திக் கவலைப்பட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சு இங்க யாருக்கும் அது வராது."

"அப்ப நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"நின்னுட்டிருந்தேன் சார்," என்றார் அவர்.