மதகு காத்த பெரியரையன்

குடவாசலுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊர் நூலகத்தில், ஆண்டு விழாவுக்கு வாசலில் பந்தல் போட்டுக் கதை சொல்லும் போட்டி வைத்தார்கள். கதை சோழர் காலத்தில் நடக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். விதி அவ்வளவுதான். நூலகர் தமிழ்நிலா, பாசன சங்கத் தலைவர் இராஜாங்கத்தை நடுவராகக் கூப்பிட்டிருந்தாள். வாய்க்காலில் தண்ணீரைத் திறந்து மூடும் ஷட்டரின் சாவி அவரிடம்தான் இருக்கும். கல்வெட்டுகளைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்.

ஆறு பேர் கதை சொன்னார்கள். முதல் நான்கு கதையிலும் மாறுவேடத்தில் ராஜா வந்தார். ஐந்தாவதாக மளிகைக் கடைக் காயாரோகணம், கோயிலுக்குக் கல் இழுத்த யானையின் கதையைச் சொன்னார். பாகன் செத்த அன்று யானை ஓர் அடிகூட நகர மறுத்துவிட்டதாம். முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இராஜாங்கமே மூக்கை உறிஞ்சினார். பரிசு யானைக்குத்தான் என்று நாங்கள் முடிவுகட்டிவிட்டோம்.

கடைசியாக மேகலா எழுந்தாள். வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் அவளுக்கு ஒன்றரை ஏக்கர். தண்ணீர் கேட்டு இராஜாங்கத்திடம் மூன்று முறை மனு கொடுத்தவள். மூன்று முறையும் அவர் "பாக்கலாம்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, ஒரு ஊர்ல பெரியரையன்னு ஒருத்தர் இருந்தாரு" என்று ஆரம்பித்தாள்.

அந்த ஊர்ச் சபை, மதகைக் காக்கும் பொறுப்பைப் பெரியரையனிடம் கொடுத்திருந்தது. முறை வைத்து எல்லா வயலுக்கும் தண்ணீர் விட வேண்டும். அவரோ தேரோட்ட நாளுக்காகக் காத்திருப்பார். ஊரே வடத்தைப் பிடித்துக் கத்திக்கொண்டிருக்கும்போது மெல்ல நழுவி, தன் வயல் பக்கம் மதகைத் தூக்கிவிட்டு வந்து, கூட்டத்தோடு கூட்டமாகக் கும்பிடுவார். ஒரு வருஷம் தீபாராதனைத் தட்டோடு வந்த குருக்கள் அவரை உற்றுப் பார்த்தார்.

"என்ன ஓய், முழங்கால் வரைக்கும் சேறு?"

"அங்கப்பிரதட்சணம் பண்ணினேன் சாமி."

"காலுக்கு மட்டுமா?"

பந்தலில் சிரிப்பு கிளம்பியது. போன மாதம் ஆடித் தேருக்கு இராஜாங்கம் ஈர வேட்டியோடு வந்து நின்றதைப் பார்க்காதவர் ஊரில் யாருமில்லை. அவருக்கு முகம் சிவந்தது. மைக்கை இழுத்தார்.

"நிறுத்தும்மா. இது விதிப்படி செல்லாது. சோழர் காலத்துல ஷட்டர் ஏது?"

"ஷட்டர்னு நான் சொல்லவே இல்லீங்களே ஐயா" என்றாள் மேகலா. "மதகுன்னுதான் சொன்னேன்."

பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். தமிழ்நிலா மதிப்பெண் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

சிரிப்பு அடங்கும்வரை மேகலா காத்திருந்தாள். "பெரியரையனை என்ன பண்ணலாம்னு சபை கூடிப் பேசிச்சு. இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க. கதை அவ்வளவுதாங்க."

இராஜாங்கம் பேனாவை மூடினார், திறந்தார். பரிசு கொடுத்தால் கதை பிரமாதம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கொடுக்காவிட்டால் அது தன் கதை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"யானைக் கதை ரொம்ப உருக்கமா..." என்று இழுத்தார்.

காயாரோகணம் எழுந்து நின்றார். "தலைவரே, எனக்கே மேகலா கதைதான் பிடிச்சுது. எனக்கு ரெண்டாம் பரிசு போதுங்க." அவர் கடை வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் கடைமடைத் தெருக்காரர்கள்.

இராஜாங்கமும் லேசுப்பட்டவர் இல்லை. மைக்கைத் தட்டினார்.

"முதல் பரிசு மேகலாவுக்கு. ஆனா முடிவுல ஒரு குறை. பெரியரையன் நல்ல மனுஷன். மத்த வயல் காயறது அவருக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்ச உடனே அவரே போய் மதகைத் திறந்துவிட்டாருன்னு முடிச்சிருக்கணும்."

எல்லாரும் கை தட்டினோம். தப்பித்த நிம்மதியில் அவரும் சிரித்தார். மேகலா பரிசுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மைக் பக்கம் குனிந்தாள்.

"என்னைக்குத் திறந்தாருங்க ஐயா? தேதி இருந்தாத்தானே சரித்திரக் கதை?"

கை தட்டல் சட்டென்று நின்றது. பந்தல் முழுக்க அவர் வாயையே பார்த்தது.

"வியாழக்கிழமை" என்றார் இராஜாங்கம், வேட்டியைச் சரிசெய்துகொண்டே.

மேகலாவும் அவள் கணவன் துரைராசுவும் அதை நம்பவில்லை. அதனால் உடைந்து கிடந்த வரப்பைக் கட்டாமல் விட்டிருந்தார்கள். வியாழன் காலை பத்து மணிக்கு வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்தது. உடைப்பு வழியாகப் பாதி பக்கத்து வயலுக்குப் பாய்ந்தது. துரைராசு மண்வெட்டியோடு ஓடினான். மேகலா சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் பின்னாலேயே ஓடினாள்.

"சொன்ன மாதிரியே திறந்துட்டாரே இந்த மனுஷன்!" என்று அவள் கத்த, "பேசாம மண்ணை அள்ளிப் போடுடி" என்று துரைராசு சிரித்தான்.